லெஃப்ட் பேக் தேவை

கிழக்கேகோட்டை, திருவனந்தபுரம்
22.4.2025

அண்ணனுக்கு அனு எழுதுவது. வெயிலைத் தவிர எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. அம்மாவுக்கு இருமல் நின்றதா? உன் முட்டி எப்படி இருக்கிறது?

இந்தக் காலத்தில் அண்ணனுக்குப் பேனா பிடித்துக் கடிதம் எழுதும் தங்கை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். போனக்காட்டில் டவர் இல்லையே, என்ன செய்ய? ரூமில் கூட இருக்கும் சுமி எட்டிப் பார்த்துவிட்டு, காதல் கடிதமா என்று ஆசையாகக் கேட்டாள். அண்ணனுக்கு என்றதும் அவள் முகம் தொங்கிவிட்டது. ஓமனா சேச்சி உங்கள் பஸ்ஸில் கண்டக்டராக இருக்கும்வரை நமக்குத் தபால்காரர் தேவையில்லை.

நீ ஊருக்குப் போன மறுநாளே ஆபீஸில் பெரிய போர்டு ஒன்றை மாட்டிவிட்டார்கள். நம் அனந்தபுரி ரோவர்ஸ் கால்பந்து அணியின் இருபத்தாறு பேரும் அதில் அட்டைகளாகத் தொங்குகிறார்கள். லீக்கின் புதுச் சட்டப்படி எட்டுப் பேரை மட்டும்தான் வைத்துக்கொள்ள முடியும். ஜூன் முப்பதுக்குள் பட்டியல் கொடுக்க வேண்டும். மற்றவர்கள் எல்லாம் டிராஃப்டுக்குப் போய்விடுவார்கள். அங்கே ஒவ்வொரு அணியும் முறை வைத்து ஒவ்வொருவராக எடுக்கும். அணியைக் கட்டும் பொறுப்பு முழுக்க வினய் சாருடையது. காலையில் காபியோடு வந்து அட்டைகளை இடம் மாற்றி வைத்துவிட்டு, "அனுஷா, இப்போ டீம் பேலன்ஸ்டா இருக்கோன்னோ?" என்று என்னைக் கேட்கிறார். வீடியோ வெட்டி ஒட்டும் தற்காலிக ஊழியர் நான். தலையை ஆட்டிவைக்கிறேன்.

மார்ச்சில் கடைசி ஆட்டத்தில் நீ விழுந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. முட்டிக்குள் ஜவ்வு கிழிந்திருக்கிறது, மூன்று மாதம் ஓய்வு, அப்புறம் ஆபரேஷன் வேண்டுமா என்று பார்க்கலாம் என்று டாக்டர் சொன்னாரே, வலி குறைகிறதா? கோச்சிடம் சொல்வதுபோல நூறு சதவீதம் என்று எழுதாதே. எனக்கு உள்ளது உள்ளபடி வேண்டும்.

அம்மாவை மழை தொடங்கும் முன்பே மருந்து வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்.

அன்புடன்,
அனு

போனக்காடு
3.5.2025

என் தங்கச்சி அனுவுக்கு,

உன் கடிதம் ஓமனா சேச்சியின் டிக்கெட் பைக்குள் இரண்டு நாள் பயணம் செய்துவிட்டு வந்தது. அம்மாவின் இருமல் பகலில் இல்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? "வெயில்ல அலையாதேன்னு அவகிட்ட எழுது, கேட்டியா" என்று அம்மா அடுப்படியிலிருந்து சொல்கிறாள். எழுதிவிட்டேன்.

நம் லயத்து வரிசை வீடுகளில் இப்போது ஏழில்தான் ஆள் இருக்கிறது. தேயிலை பாக்டரி பூட்டியது பூட்டியபடிதான். அம்மாவும் பிச்சம்மாள் அத்தையும் இருக்கிற கொழுந்தைக் கிள்ளி வெளியே கொடுக்கிறார்கள். நான் சும்மா உட்கார்ந்து, அந்த எட்டுப் பேர் யார் யார் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். வினய் சாரிடம் நான் சொன்னதாகச் சொல். கோல் காக்கும் பெரிய கோலியை விட்டுவிட்டுச் சின்னவனை வைத்துக்கொள்ளட்டும். பெரியவனுக்குப் பெயர் இருக்கிறது, கையில்லை. கேப்டனை விடக் கூடாது. கானா நாட்டுக்காரன் திரும்பி வரமாட்டான், அவன் டிக்கெட் போட்டபோதே எனக்குத் தெரியும். டிராஃப்டில் முதலில் கோல் அடிக்கிறவனைத் தேடி ஓடாமல், கோலுக்கு முன்னால் நின்று தடுக்கிற உயரமான ஸ்டாப்பர் ஒருவனை எடுக்க வேண்டும். போன சீசனில் வாங்கிய கோல்களில் பதினொன்று தலைக்கு மேலே வந்ததுதான். இடது ஓரத்தைக் காக்கும் லெஃப்ட் பேக்கைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். ஐந்து சீசனாக அந்த இடத்துக்கு ஆள் இருக்கிறான்.

உள்ளது உள்ளபடி கேட்டாய், உனக்கு மட்டும் சொல்கிறேன். சமதரையில் வலியே இல்லை. மேட்டில் ஏறினால் கொஞ்சம் இருக்கிறது. இறங்கும்போதுதான் பிடிக்கிறது. கோச் கைலாஷ் சார் காதுக்கு இது போகக் கூடாது. ஆகஸ்டுக்குள் சரியாகிவிடும்.

சுமிக்கு என் ஆறுதலைச் சொல். உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அண்ணன்,
பிரவின்ராஜ்

கிழக்கேகோட்டை
12.5.2025

அண்ணனுக்கு,

சுகம்தானே? நானும் சுகம். அம்மாவுக்கு இருமல் மருந்தும் உனக்கு முட்டிக்குக் கட்டும் உறையும் ஓமனா சேச்சியிடம் கொடுத்திருக்கிறேன்.

கானாக்காரனைப் பற்றி நீ சொன்னது பலித்துவிட்டது. கோலி விஷயத்தில் வினய் சாரும் உன் கட்சிதான். கேப்டனை வேறு ஒரு அணி கூப்பிடுவதாகப் பேச்சு, அவர் முகத்தைப் பார்த்தால் போகமாட்டார் போல இருக்கிறது.

உன் காலைப் பற்றி இன்னும் கொஞ்சம் விவரமாக எழுது. காலையில் வலி அதிகமா, சாயங்காலமா? வீக்கம் உண்டா? மடக்கினால் குதிகால் தொடையின் பின்பக்கத்தைத் தொடுகிறதா? இடது காலில் மட்டும் எத்தனை விநாடி நிற்க முடிகிறது? இறங்கும்போது பிடிக்கிறது என்றாயே, வலிக்கிறதா அல்லது நகரவே முடியாமல் நின்றுவிடுகிறதா?

சீக்கிரம் எழுது. அம்மாவை அதிகம் ஏறி இறங்க விடாதே.

அனு

போனக்காடு
24.5.2025

டாக்டர் அனுஷா அவர்களுக்கு,

நோயாளியும் நோயாளியின் தாயாரும் நலம். நீ நலமா என்று எந்த டாக்டரிடமும் யாரும் கேட்பதில்லை, நான் கேட்கிறேன்.

இவ்வளவு கேள்வி மெடிக்கல் காலேஜில்கூடக் கேட்கவில்லையடி. சரி, வரிசையாகச் சொல்கிறேன். சாயங்காலம்தான் அதிகம். வீக்கம் உண்டு, அம்மா உப்பு ஒத்தடம் கொடுத்தால் காலையில் வடிந்துவிடும். குதிகால் தொடையைத் தொடவில்லை, நான்கு விரல் இடைவெளி இருக்கிறது. இடது காலில் ஒன்பது விநாடி. அதற்குமேல் நடுங்குகிறது.

நேற்று நடந்ததை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் நினைத்தேன். லயத்துப் படியில் இறங்கும்போது முட்டி பூட்டிக்கொண்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. அம்மா ஓடிவந்து தோள் கொடுக்கும்வரை நடுப்படியில் நின்றேன். மாநில அளவில் சிறந்த லெஃப்ட் பேக் என்று கப் வாங்கியவன், அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஐந்து படி இறங்கினேன். பயமாக இருந்தது அனு. ஆட்டத்தில் ஒருநாளும் அப்படிப் பயந்ததில்லை. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

அது போகட்டும். போர்டில் "தேவை" என்று ஒரு பக்கம் எழுதுவார்களே, அதில் என்னென்ன இருக்கிறது? ஆபீஸுக்குள் நமக்கு ஒரு ஆள் இருப்பது எவ்வளவு தைரியம் தெரியுமா.

அட்டைப்பூச்சி கடித்த புண்ணோடு,
அண்ணன்

கிழக்கேகோட்டை
16.6.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது, மன்னித்துக்கொள். வேலை அதிகம். நான் சுகம். மழை பிடித்துவிட்டதா? அம்மா கம்பளிக்குள் இருக்கிறாளா?

தேவைப் பக்கத்தில் முதலாவது உயரமான ஸ்டாப்பர், நீ சொன்னதேதான். இரண்டாவது, இருபத்திரண்டு வயதுக்குள் உள்ளூர்ப் பையன்கள் இரண்டு பேர். மூன்றாவது, மாற்றுக் கோலி. இன்னும் சிலது எழுதி எழுதி அழிக்கிறார்கள்.

எனக்கு வேலை நிரந்தரமாகலாம் என்று சொல்கிறார்கள்.

நம் பிசியோ ஷீனா உன்னை விசாரித்தாள். படி இறங்காதே அண்ணா. வீட்டுக்குள்ளேயே இரு.

அனு

போனக்காடு
4.7.2025

அனுஷாவுக்கு,

ரிஜிஸ்டர் தபாலில் கிளப்பின் கடிதம் வந்தது. எட்டுப் பேரில் நான் இல்லை. ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிந்துவிட்டது. அதனால் ஆபரேஷன் கிளப்பின் பொறுப்பில் வராது. ஐந்து வருஷத்துக்கு நன்றி என்று ஒரு வரி இருக்கிறது.

கூட ஒரு தாள் இணைத்திருக்கிறார்கள். "வீரர் தாமே தெரிவித்த உடல்நிலை" என்று தலைப்பு. இங்கிலீஷ்தான், நிதானமாகப் படித்துப் புரிந்துகொண்டேன். இடது காலில் ஒன்பது விநாடி நிற்கிறார். மாலையில் வீக்கம். மூன்றாவது வரி: படி இறங்கும்போது முட்டி பூட்டிக்கொள்கிறது, தாயின் உதவி தேவைப்பட்டது.

இந்த ஒன்பது விநாடியை நான் ஒரே ஒருவரிடம்தான் சொன்னேன்.

பிரவின்ராஜ்

கிழக்கேகோட்டை
9.7.2025

அண்ணா,

நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கக்கூட எனக்குக் கை கூசுகிறது.

நான்தான் எழுதினேன். ஊருக்குப் போன வீரர்கள் எல்லோரும் வாரம் ஒருமுறை மொபைலில் உடம்பு நிலையை நிரப்பி அனுப்ப வேண்டும். உனக்கு டவர் இல்லை. ஏப்ரலிலேயே வினய் சார் என்னைக் கூப்பிட்டு, "நீ எப்படியும் அண்ணாவுக்கு லெட்டர் போடறே. அதுலயே கேட்டுண்டு ஷீட்ல போட்டுடு. ஷீட்டுக்குன்னு சொல்லாதே, சொன்னா எல்லாரும் ஹண்ட்ரட் பர்சென்ட்னுதான் எழுதுவா" என்றார். சரி என்று தலையாட்டினேன். உன் முதல் கடிதத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன்.

நல்லது என்று நினைத்துத்தான் செய்தேன், நம்பு. ஒப்பந்தம் இருக்கும்போதே ரிப்போர்ட்டில் ஏறிவிட்டால் கிளப்தான் ஆபரேஷன் செய்து தர வேண்டும் என்று ஷீனா சொன்னாள். அம்மா தோள் கொடுத்ததையும் அதற்காகவே சேர்த்தேன். அதைப் படித்தால் உடனே கூப்பிடுவார்கள் என்று இருந்தேன். ஜூன் இரண்டாம் வாரம் உன் அட்டை போர்டிலிருந்து போய்விட்டது. அந்த இடத்தில் "லெஃப்ட் பேக் தேவை" என்று வினய் சார் பச்சை எழுத்தில் எழுதினார். அதைப் பார்த்துவிட்டு வந்துதான் உனக்குக் கடைசிக் கடிதத்தை எழுதினேன். எல்லாம் எழுதினேன், அதை மட்டும் எழுதவில்லை. ஜூலை ஒன்றாம் தேதி என் நிரந்தர ஆர்டர் வந்தது. அதையும் மறைக்கப் போவதில்லை.

திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அனு

விதுரா பஸ் ஸ்டாண்ட்
18.7.2025

அனுவுக்கு,

அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து விட்டுவிட்டது. மருந்து வாங்கக் கீழே இறங்கினேன். இங்கே டவர் கிடைத்ததும் பழைய அழைப்புகள் வரிசையாக வந்து விழுந்தன. உன் அழைப்பு பதினான்கு. உன்னோடு போனில் பேச எனக்கு மனமில்லை, அதனால் கடைத்தாளில் எழுதுகிறேன்.

நீலேஸ்வரம் ரேஞ்சர்ஸின் மேனேஜர் கூப்பிட்டிருந்தார். அவர்களுக்கு லெஃப்ட் பேக் இல்லை. டிராஃப்டின் கடைசிச் சுற்றில் என்னை எடுக்க விருப்பம். லீக் ஆபீஸில் என் ஃபைலைப் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் சொன்னார். அந்த ஃபைலை அனுப்புவது உங்கள் ஆபீஸ். தயாரிப்பது நீ.

நீ எழுதினாய், நீயே அழி. முழு உடல் தகுதி என்று போடு.

ஆபரேஷன் செய்துகொள் என்று அறிவுரை சொல்லாதே. செய்தால் இந்த சீசன் போய்விடும். முப்பது வயது லெஃப்ட் பேக்கை அடுத்த வருஷம் எவன் எடுப்பான்? பாக்டரி பூட்டிய எஸ்டேட்டில் கொழுந்து கிள்ளப் போகவா? எனக்குத் தெரிந்தது இந்த ஒரு வேலைதான். இதைச் செய்துவிட்டால் பழையதை நான் பேசமாட்டேன்.

பிரவின்ராஜ்

கிழக்கேகோட்டை
29.7.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

அம்மாவின் காய்ச்சல் திரும்பவில்லையே? உன் கையெழுத்தைப் பார்த்ததே எனக்குப் பாதி உயிர் வந்ததுபோல் இருந்தது.

மாற்றிவிட்டேன். மூன்று வரியையும் எடுத்துவிட்டு "முழுப் பயிற்சிக்குத் தகுதியானவர்" என்று போட்டு அனுப்பினேன். வினய் சார் பார்த்தார். ஒரு நிமிஷம் திரையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "போகட்டும். இனிமே அவன் நம்ம பிளேயர் இல்லையே" என்றார். என் வேலை போகும் என்று நினைத்தேன். அவர் அதோடு விட்டுவிட்டார். ஏன் விட்டார் என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

நேற்று முன்தினம் டிராஃப்ட். ஹோட்டல் ஹாலில் ஒன்பது மேஜை, மேஜைக்கு ஒரு அணி. எங்கள் மேஜையில் நான் லேப்டாப்போடு ஓரத்தில் இருந்தேன். வினய் சார் முதல் சுற்றில் திருச்சூர்க்கார ஸ்டாப்பரை எடுத்தார், இரண்டாவதில் இருபது வயது லெஃப்ட் பேக் ஒருவனை. கடைசியான ஆறாவது சுற்றில் நீலேஸ்வரத்தின் முறை வந்தபோது உன் பெயரைப் படித்தார்கள். யாரும் கைதட்டவில்லை, ஆறாவது சுற்றில் யாருக்கும் தட்டுவதில்லை. நான் லேப்டாப்பில் உன் பெயருக்கு எதிரே ஆறு என்று அடித்தேன். சந்தோஷமா பயமா என்று கேட்டால் இரண்டும்தான்.

அறிவுரை வேண்டாம் என்றாய். ஒன்று மட்டும் கேட்கிறேன். அங்கே போனதும் ஒரு ஸ்கேன் எடு. அவர்களிடம் சொல்லாமல், நீயாக எடு.

அனு

கிழக்கேகோட்டை
19.9.2025

அண்ணா,

நீலேஸ்வரம் விலாசத்துக்கு இது மூன்றாவது கடிதம். நீ போனும் எடுப்பதில்லை. சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா, தங்கும் இடம் எப்படி என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அம்மாவுக்கு மட்டும் நீ சொல்லி அனுப்புகிறாய். முதல் ஆட்டத்தில் நீ இறங்குகிறாய் என்று அம்மா ஓமனா சேச்சியிடம் சொல்லிவிட்டாள். அவளுக்குப் பாஸ் வேண்டுமாம். மகன் ஆடுவதை அவள் இதுவரை மைதானத்தில் வந்து பார்த்ததில்லையே, இந்த முறை வந்தே தீருவேன் என்கிறாள். எடுத்து வைத்துவிட்டேன்.

அக்டோபர் ஐந்தாம் தேதி, இங்கே, எங்களோடு ஆட்டம்.

அன்றைக்கு மட்டும் நீ ஆடாதே. காய்ச்சல் என்று சொல், வயிற்றுப்போக்கு என்று சொல். இரண்டாவது ஆட்டத்திலிருந்து ஆடு. காரணம் கேட்காதே, எழுத முடியாத இடத்தில் இருக்கிறேன். எங்கள் அணி ஜெயிக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதே.

உடம்பு எப்படி இருக்கிறது?

அனு

கிழக்கேகோட்டை
14.10.2025

அண்ணா,

ஆஸ்பத்திரியில் நீ என்னைப் பார்க்க விரும்பவில்லை என்று அம்மா வாசலிலேயே சொல்லிவிட்டாள். உன்னை ஊருக்குக் கூட்டிக்கொண்டு போன வண்டியை ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். அங்கே மழையா? படுக்கக் கட்டில் வந்ததா?

அன்று எழுத முடியாததை இன்று எழுதுகிறேன். செப்டம்பர் பதினேழாம் தேதி ஆபீஸில் கூட்டம். முதல் ஆட்டத்துக்கு எதிரணியின் பலவீனத்தைச் சொல்ல வேண்டியது என் வேலை. நான் நீலேஸ்வரத்தின் லெஃப்ட் பேக்கைப் பற்றி ஒன்றுமே வைக்கவில்லை. கைலாஷ் சார் என் பக்கம் திரும்பாமலேயே, "அவனு இடது காலூன்னித் திரியான் பற்றில்ல. பால் முழுவன் ஆ சைடில் கொடுக்கூ" என்று எல்லோரிடமும் சொன்னார். இடது காலை ஊன்றி உன்னால் திரும்ப முடியாதாம், பந்து எல்லாம் உன் பக்கமே போக வேண்டுமாம். வினய் சார் தலையசைத்தார். ஃபைலை நான் மாற்றியபோது அவர் ஏன் பேசாமல் இருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. நான் எழுதிய பொய் நீலேஸ்வரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதை நம்பி அவர்கள் ஸ்கேன்கூட எடுக்கவில்லை. நான் எழுதிய உண்மை எங்கள் ஆபீஸிலேயே தங்கிவிட்டது. நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். நோட்டில் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஆட்டத்தின் முப்பத்தோராவது நிமிஷம். நான் மாடத்தில் கேமராவுக்குப் பக்கத்தில் இருந்தேன். அம்மா கீழே எழுந்து நின்று, முன்னால் நின்றவர்களின் சட்டையைப் பிடித்து இழுத்து, உட்காருங்கள் உட்காருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

மறுநாள் அந்தத் துண்டை வெட்டிப் பெயர் கொடுத்துச் சேமிக்க வேண்டியதும் நான்தான். நான்கு கேமரா. ஒன்பது தடவை பார்த்தேன். எங்கள் பையன் வெளிப்பக்கம் போனான், நீ இடது காலை ஊன்றினாய், முட்டி திரும்பவில்லை, அப்படியே விழுந்தாய். அவன் உன்னைவிட்டு ஒரு கை தூரத்தில் இருந்தான். காரணம் என்ற கட்டத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். "யாரும் தொடாமல் ஏற்பட்ட காயம்" என்பதைத் தேர்ந்தெடுத்தேன். அப்படித்தான் சேமித்திருக்கிறது.

இந்த வேலையை விட்டுவிடப் போகிறேன். உன் உடம்பைப் பற்றி இனி நான் ஒரு கேள்வியும் கேட்க மாட்டேன்.

அனு

போனக்காடு
30.10.2025

அனுவுக்கு,

அம்மா கொழுந்துக்குப் போயிருக்கிறாள். கட்டில் வந்துவிட்டது, பிச்சம்மாள் அத்தை வீட்டுக் கட்டில்தான். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க இவ்வளவு நாளாயிற்று எனக்கு.

நீ கேட்க மாட்டேன் என்று எழுதியிருப்பதால் நானாகச் சொல்கிறேன். முட்டி மடங்கவில்லை. ஜவ்வு மட்டுமில்லை, எலும்பைக் கட்டும் நரம்பும் அறுந்துவிட்டது. மெடிக்கல் காலேஜில் ஜனவரியில் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள், அது நடப்பதற்கு, ஆடுவதற்கு இல்லை. நீலேஸ்வரத்தார் ஒருநாள் வந்தார்கள். பழைய காயத்தை மறைத்தேன் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்கள். அணியிலிருந்து என் பெயரை எடுத்துவிட்டார்கள். இன்னொரு லெஃப்ட் பேக் தேடுவார்கள், இருபது வயதில் நிறையப் பேர் இருக்கிறார்கள். படி இறங்க அம்மாவும் வேண்டும், கம்பும் வேண்டும். அம்மா இளைத்துவிட்டாள், தோள் எலும்பு கையில் குத்துகிறது.

கட்டிலில் கிடந்து யோசித்துப் பார்த்தேன். முதல் தடவை நீ எழுதியது உண்மை. எனக்குத் தெரியாமல் எழுதினாய், அது தப்பு. அதற்காக உன்மேல் இருந்த கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு எனக்கு வேலை மட்டும்தான் போயிற்று. கால் போனது இரண்டாம் தடவை எழுதியதற்கு. அதை எழுதச் சொன்னவன் நான். நீ ஆடாதே என்று எழுதிய கடிதம் ஆட்டத்துக்கு ஒரு வாரம் முன்பே என் கையில் வந்துவிட்டது. படித்தேன். தங்கச்சிக்குத் தன் கிளப்பின் மேல் பாசம் என்று ரூமில் இருந்தவர்களிடம் சொல்லிச் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் எனக்கு இப்போது தூக்கம் வரவிடாமல் செய்கிறது.

வேலையை விடாதே. வீட்டில் இப்போது சம்பளம் வாங்குகிறவள் நீ ஒருத்திதான். அந்த போர்டின் முன்னால் போய் நிற்பது உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் நில்.

லீவு கிடைக்கிற அன்றைக்கு வா. அம்மா உன்னிடம் ஒன்றும் கேட்கமாட்டாள், நான் சொல்லி வைத்திருக்கிறேன். பஸ் நிற்கிற இடத்தில் நான் இருப்பேன் என்று பார்த்துக்கொண்டு நிற்காதே. இப்போது மழை, வழியெல்லாம் வழுக்குகிறது. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நீயாகவே ஏறி வந்துவிடு.

அண்ணன்